பிம்மு, பீமு, பீமன்

குந்து கண்ணு. அந்தத் தூணோரமா குந்து. லேப்டாப்ப மடியில வெச்சிக்காத, சுடும். மொறத்தைக் கவுத்துப் போட்டு அது மேல வையி. பின்னாடி தோட்டத்துல மூணு எடத்துல பள்ளம் தோண்டிக் கெடக்குது, போனா பாத்துப் போ. எதுக்குத் தோண்டினேன்னு மட்டும் கேக்காத. அது வேற கதை.

ஊர்ல என்னைக் கேக்குறாங்க, உம் பேத்தி இன்னா வேலை செய்றான்னு. சிறுசேரி சிப்காட்டுல ஏசி ரூம்ல குந்திக்கினு துபாய்ல ஆஸ்பத்திரி கட்டுறான்னு சொன்னேன். டீக்கடையில எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அம்பது வருஷம் மேஸ்திரி வேலை பாத்தவன் பேத்தி, ஒரு செங்கல்லத் தூக்காம, ஒரு சட்டி கலவை கொழைக்காம, கடலுக்கு அந்தாண்ட எட்டு மாடி ஏத்துறான்னா சிரிக்க மாட்டானா? வேலைக்குப் பேரு இன்னான்னு கேட்டான். பிம் கோஆர்டினேட்டர்னேன். "பீமனா?"ன்னான் காது கேக்காத கெழவன் ஒருத்தன். அவன் கேட்டதுல தப்பு இல்ல. எனக்கே மூணு பீமு தெரியும். ஒண்ணு, மாமல்லபுரத்துல மணல்ல நிக்கிற பீம ரதம். ரெண்டாவது, ஆயுசு பூரா நான் செண்டரிங் அடிச்சி, கம்பி கட்டி, காங்கிரீட் ஊத்தின பீமு. மூணாவது உன்னுது. அதுதான் இருக்கிறதுலயே வெயிட்டு இல்லாதது, சம்பளம் ஜாஸ்தியும் அதுக்குத்தான்.

பிம்முன்னு நீ சொன்னது எனக்குப் புரியாம இல்ல. முன்ன மாதிரி கோடு கோடா இழுக்கிறது இல்ல. சொவர்னு வெச்சா அது சொவர்தான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும்: எத்தினி ஒசரம், எத்தினி கனம், செங்கல்லா பிளாக்கா, உள்ள பூசறது இன்னா. ஒரு எடத்துல ஜன்னலை நவுத்தினா பிளான்லயும் நவுரும், எலிவேஷன்லயும் நவுரும், ஜன்னல் கணக்கு எழுதின அட்டவணையிலயும் மாறும். நல்ல வித்தைதான். எங்க காலத்துல ஜன்னலை நவுத்தினா சொவத்துல மட்டும்தான் நவுரும். மூணு படத்துல மூணு எடத்துல நிக்கும். கடைசியில நான் எந்தப் படத்தை நம்பறனோ அந்த எடத்துல வரும்.

இது புதுசும் இல்லன்னு நீயே சொன்ன. 1975லயே அமெரிக்காவுல சக் ஈஸ்ட்மன்னு ஒரு வாத்தியாரு இந்த யோசனைய எழுதிட்டாரு. 80கள்ல ஹங்கேரிக்காரங்க ஆர்க்கிகேடுன்னு ஒண்ணு பண்ணாங்க. அப்பால ரெவிட்டு வந்துது, அத 2002ல ஆட்டோடெஸ்க் கம்பெனி வெலைக்கு வாங்கிச்சி. ரெவிட்டுன்னா 'உடனே திருத்து'ங்கிற மாதிரி அர்த்தமாமே? பொருத்தமான பேருதான் கண்ணு. வீடு கட்டுறவங்க வீட்டம்மா எல்லாத்துக்கும் அந்தப் பேரை வெக்கலாம்.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. 1975லாம் நேத்து. மாமல்லபுரத்துல ஒரே பாறைய வெட்டி முழு அளவுல மாடல் போட்டு வெச்சிருக்கான் பல்லவன், போய்ப் பாத்திருக்கியா? ஸ்கூல்ல இட்டுக்கினு போனாங்கன்னு சொல்லாத. ஐஸ் வாங்கித் தின்னுட்டு யானை மேல ஏறி போட்டோ புடிச்ச. நான் கேக்குறது பாத்திருக்கியான்னு. 7ஆம் நூத்தாண்டு, மாமல்லன் நரசிம்மவர்மன் காலம்னு சொல்றாங்க. அஞ்சு ரதமும் அஞ்சு விதம். திரௌபதி ரதம் கூரை வேஞ்ச குடிசை மாதிரி. அர்ச்சுனன்து ரெண்டு அடுக்கு. தருமராஜாது அதுக்கும் மேல ஒரு அடுக்கு ஒசந்து நிக்குது. பீமன்து நீட்டு வாக்குல, கூண்டு வண்டியக் கவுத்த மாதிரி மேல்கூரை. நகுலன் சகாதேவன்து முதுகு வளைஞ்சி, தூங்கானை மாடம்னு பேரு. படுத்த யானையோட பின்பக்கம் மாதிரி இருக்கும்னு. அது யாருக்காவது புரியாமப் போயிடப் போவுதுன்னு பக்கத்துலயே ஒரு நெஜ அளவு யானையச் செதுக்கி நிறுத்திட்டான் பாரு, அவன்தான் குசும்பன். நீ படத்துல அம்புக்குறி போட்டு எழுதுவியே, அந்த மாதிரி.

மரத்துல கட்டின கோயிலு, கூரை வேஞ்ச கோயிலு, எல்லாத்தையும் கல்லுல நகல் எடுத்தது அது. அப்பால ராஜசிம்மன் வந்து கல்லை அடுக்கிக் கடற்கரைக் கோயிலைக் கட்டினான். மொதல்ல மாடல், அப்பால கட்டடம்.

அந்த மாடல்ல ஒரு சௌகரியம் இருந்துது. ஒரே கல்லு. இணைப்பே கெடையாது. தூணுக்கும் உத்தரத்துக்கும் சண்டை வராது, ரெண்டும் ஒரே பாறை வயித்துல பொறந்தது. மேல இருந்து கீழ வெட்டிக்கினே வந்ததால சாரம் கட்டுற செலவும் இல்ல. ஆனா பெசகிடுச்சின்னா திரும்பப் போவ முடியாது. உன் கம்ப்யூட்டர்ல கண்ட்ரோலும் இசட்டும் சேத்து அமுக்குறியே, அந்தப் பட்டன் உளியில கெடையாது. அதனாலயோ, ராஜா மாறினதாலயோ, இன்னா காரணமோ, பாதி வேலை அப்படியே நின்னுடுச்சி. பீம ரதத்தோட அடிப்பக்கத்தைக் குனிஞ்சி பாரு, கல்லு கரடுமுரடாவே கெடக்கும். 1984ல இருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். பாதியில விட்ட வேலைக்கு உலகமே வந்து டிக்கெட் எடுத்துப் பாக்குது. நான் பாதியில விட்ட செப்டிக் டேங்குக்கு உங்க ஆயா நாப்பது வருஷமாத் திட்டுறா.

அவ காதுல விழுந்திருக்காது, உள்ள அடுப்படியில இருக்கா. சொல்லிக்கினு வரேன்.

கல்லை அடுக்கிக் கட்ட ஆரம்பிச்சப்பதான் உன் வேலை பொறந்துது. ஒருத்தன் செதுக்கினது இன்னொருத்தன் செதுக்கினதுல போய் உக்காரணும். இதுல பெரிய ஆளு வேணும்னா கணபதி ஸ்தபதி. 1957ல மாமல்லபுரத்துல ஆரம்பிச்ச சிற்பக் கல்லூரிக்கு ரொம்ப வருஷம் தலைமையா இருந்தவரு. கன்னியாகுமரியில திருவள்ளுவர் சிலை நிக்குதே, 133 அடி, பீடம் 38, சிலை 95, அதிகாரக் கணக்குக்குச் சரியா, அது அவரு கைவேலை. 2000 ஜனவரி 1 அன்னிக்குத் தெறந்தாங்க. அத்தினி கல்லையும் ஒரே எடத்துல செதுக்கல கண்ணு. கன்னியாகுமரியில ஒரு பட்டறை, அம்பாசமுத்திரத்துல ஒண்ணு, சங்கராபுரத்துல ஒண்ணு. மொத்தம் 7,000 டன்னு. அங்க ஒரு வரி, இங்க ஒரு வரி செதுக்கி, கடலுக்கு நடுவுல பாறை மேல கொண்டு போய் ஏத்திப் பாக்கையில வள்ளுவரோட இடுப்பு இடுப்புல நிக்கணும், கழுத்து கழுத்துல நிக்கணும். அதுக்கு முன்ன மரத்துல ஒரு மாதிரி பண்ணி நிறுத்திப் பாத்துட்டுத்தான் கல்லுல கை வெச்சாங்க. அமெரிக்காவுல ஹவாய்த் தீவுல இறைவன் கோயில்னு ஒண்ணு, அதுவும் அவரு போட்டுக் கொடுத்த திட்டம்தான். பெங்களூருக்குப் பக்கத்துல செதுக்கின கல்லு, கப்பல்ல போச்சி. போய்ச் சேந்து அடுக்கும்போது ஒரு கல்லு அரை அங்குலம் தூக்கிக்கினு நின்னா யாரைப் போய்க் கேக்குறது? 2023ல கும்பாபிஷேகம் ஆச்சி.

அந்த மனுஷங்களுக்கு ஒரு நூலு இருந்துது. ஆளு ஒருத்தர், நூலு ஒண்ணு. உங்க ஆபீஸ்ல எத்தினி நூலு? நீ சொன்னத விரல் விட்டு எண்ணினேன். ஆர்க்கிடெக்ட்டுக்கு ஒரு மாடல், ஸ்ட்ரக்சருக்கு ஒண்ணு, ஏசி டக்ட்டுக்கு ஒண்ணு, பிளம்பிங்குக்கு ஒண்ணு, கரண்ட்டுக்கு ஒண்ணு, தீயணைப்புப் பைப்புக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரின்னா ஆக்சிஜன் லைனுக்குத் தனியா ஒண்ணு. எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி, நேவிஸ்வொர்க்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர்ல போட்டுக் கலக்கினா, எங்கெங்க மோதுதோ அங்கெல்லாம் செவப்பு. நீ காட்டினப்ப எனக்கு அம்மை போட்ட ஒடம்பு மாதிரி தெரிஞ்சிது.

சிரிச்சேனே ஒழிய, அந்தச் செவப்பப் பாத்து எனக்குள்ள ஒண்ணு குத்திச்சி. ஏன்னு சொல்றேன். உங்கப்பன் பொறக்காத காலம். ஒரு கல்யாண மண்டபம் கட்டினோம். எந்த ஊரு, யாருதுன்னு கேக்காத, இன்னும் அங்க கல்யாணம் நடக்குது. கீழ சாப்பாட்டு ஹாலு, மேல மேடை. ஸ்ட்ரக்சர் படத்துல ஒரு பீமு, ரெண்டு அடி ஆழம், கீழ எறங்கியிருக்குது. சானிட்டரி படத்துல கை கழுவுற எடத்துப் பைப்பு அதே பீமு வயித்துக்குள்ள நேரா போவுது. ரெண்டு படத்துலயும் சீலு, கையெழுத்து, தேதி எல்லாம் பக்காவா இருக்குது. வரைஞ்ச ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்ல. நான் பாத்தேன். காங்கிரீட் ஊத்துறதுக்கு மொத நாளு சாயங்காலம் பாத்தேன். சொன்னா வேலை நிக்கும். ஆளுங்களுக்குக் கூலி எவன் தருவான்? வாயை மூடிக்கினு ஊத்திட்டேன். பிளம்பர் வந்தான், பீமைப் பாத்தான், என்னைப் பாத்தான். பைப்பைப் பீமுக்கு மேலயே ஒரு சுத்து சுத்திக் கொண்டு போனான். வாட்டம் எங்க வரும்? மொத கல்யாணம், மொத பந்தி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கை கழுவறாங்க, அடுத்த பந்திக்காரங்க குந்தியிருக்கிற எடத்துல தண்ணி கசிஞ்சி வருது. சாம்பாரோட. பொண்ணு வீட்டுக்காரரு தலைப்பாவ அவுத்துத் தொடைச்சாரு.

உன் கம்ப்யூட்டரு இருந்திருந்தா அந்த எடம் செவப்பாயிருக்கும். சரி. ஆனா அன்னிக்கு என் கண்ணுலயே செவப்பாத்தான் கண்ணு தெரிஞ்சிது.

அதனால உனக்கு ரெண்டு வழி சொல்லித் தரேன். ஒண்ணு பொழைக்கிற வழி. வாராவாரம் மீட்டிங் போடுறியே, அங்க மோதல் எத்தினின்னு தானே மொதல்ல கேப்பாங்க? மொத வாரம் ஆயிரக்கணக்குல காட்டு. பயந்துடுவான். ஒரே பைப்பு பத்து எடத்துல உரசினா பத்துன்னு எழுது, ஒண்ணாக் கட்டி எழுதாத. சொவத்துக்குள்ள போற சுவிட்ச் பாக்ஸையும் சொவத்தோட மோதுதுன்னு சேத்துக்க. அடுத்த வாரம் அதையெல்லாம் ஒண்ணாக் கட்டி எண்ணு. பாதியாயிடும். கை தட்டுவான். அதுக்கடுத்த வாரம் அளவுல ரவ தாராளம் காட்டு. ரெண்டு இஞ்சி உள்ள பூந்தா மோதல் இல்லன்னு வெச்சிடு. இன்னும் கொறையும். மிச்சம் இருக்கிற முக்கியமான நாலு மோதலை, 'சைட்ல பாத்துக்கலாம்'னு எழுதி மூடிடு. திரை பூரா பச்சையாயிடும். உனக்குப் பிரமோஷன். சைட்ல பாத்துக்கிறவன் எவன்? என்னை மாதிரி ஒருத்தன். அவன் இன்னா பண்ணுவான்னு இப்பத்தானே சொன்னேன்.

மீட்டிங்குக்கு யாரு யாரு வராங்கன்னு கேட்டப்ப, பெரிய கன்சல்டன்ட்டுங்க மத்தியானம்தான் வருவாங்கன்ன. நம்ம திருக்கழுக்குன்றம் மலை மேல ரெண்டு கழுகு இருந்துதே, அந்த வம்சமா? நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேன். உச்சி வேளைக்கு எங்கிருந்தோ பறந்து வரும், குருக்கள் வெச்ச சக்கரைப் பொங்கலைச் சாப்பிடும், மூக்கைப் பாறையில தேச்சிக்கும், போயிடும். காசியில குளிச்சிட்டு ராமேஸ்வரம் போவுதுன்னு சொல்லுவாங்க. ஊரே கன்னத்துல போட்டுக்கும். இப்ப அதுவும் வர்றதில்ல. உங்க கன்சல்டன்ட்டுங்க வராங்களே, அது வரைக்கும் புண்ணியம். அப்ரூவல் கேட்டா? அது நம்ம ஊரு சங்கு தீர்த்தத்துல சங்கு பொறக்கிற கணக்கு. பன்னண்டு வருஷத்துக்கு ஒண்ணு.

ரெண்டாவது வழிக்கு வரேன். அது கொஞ்சம் கஷ்டம். மோதிட்டதுக்கப்பால எவன் நவுரணும்னு சண்டை போடாத. வேலை ஆரம்பிக்கிறப்பவே, யாரு யாருக்கு வழி விடணும்னு எழுதி வாங்கிடு. ஐஎஸ்ஓ 19650ன்னு 2018ல ஒரு சட்டம் மாதிரி வந்துதுன்னு சொன்னியே, எவன் எந்தத் தகவலை எப்ப தரணும், எங்க வெக்கணும்னு. அது பூரா இதுதானே? ஊர்ல பந்தியில யாரு மொதல்ல குந்தறதுன்னு பேசி முடிக்காம இலை போட்டா இன்னா ஆவும்? அதே கதைதான். எங்கிட்டக் கேட்டா, மொத இலை கக்கூஸ் பைப்புக்கு. சிரிக்காத. நீயே உங்க ஆபீஸ் வழக்கத்தைச் சொல்றப்ப அதத்தான் சொன்ன: வாட்டத்துல ஓடுற பைப்பை மொதல்ல வெக்கணும், அப்பால பெரிய ஏசி டக்ட்டு, அப்பால தீயணைப்புப் பைப்பு, கடைசியில கரண்ட் ஒயரு போற தட்டு. ஒயரு வளையும். டக்ட்டுகூடக் கொஞ்சம் சப்பையாகும். தண்ணிகிட்ட மட்டும் ஒரு பேச்சுவார்த்தையும் நடத்த முடியாது. பள்ளம் எங்கயோ அங்கதான் போவேன்னு நிக்கும், நம்ம ஊரு பெரிய மனுஷங்களை விட அதுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

அப்பால அந்த எல்ஓடி, மாடல்ல ஒவ்வொண்ணும் எத்தினி தூரம் முடிவாயிருக்குதுங்கிற கணக்கு. நூறு, எரநூறு, முன்னூறுன்னு நீ சொன்னப்ப மார்க்குன்னு நெனைச்சேன். ராத்திரி படுத்துக்கினு யோசிச்சதுல தெளிவாயிடுச்சி. தரகர் வர்றாரு: "உங்க பையனுக்கு ஒரு பொண்ணு இருக்குது." அது 100. "ஒசரம் அஞ்சடி இருக்கும், படிச்ச பொண்ணு." அது 200. போட்டோ, ஜாதகம், சரியான வயசு கையில குடுத்துட்டாரு, 300. அந்தப் பொண்ணு கூட யாரு யாரு ஒட்டிக்கினு வருவாங்க, மாமியாருக்கும் நாத்தனாருக்கும் இடிக்காம எப்படி வீட்டுக்குள்ள நிக்கும்னு தெரிஞ்சா 350. நீ பாக்குற வேலை பூரா அதுல தான் இருக்குது. தாலி எத்தினி பவுனு, பந்தல் எங்க, பாயசத்துக்கு எத்தினி லிட்டர் பாலு, இது 400. கல்யாணம் ஆயி ஆறு மாசம் கழிச்சி, நெஜத்துல வீட்டுல இருக்கிறது யாருன்னு போய்ப் பாத்து எழுதறது 500. உங்க ஆளுங்க 200ஐ வெச்சிக்கினு 400 மாதிரி பளபளன்னு கலர் அடிச்சிக் காட்டுறாங்களே, அங்கதான் கல்யாணம் நிக்குது. வரைஞ்சவனுக்கே இன்னும் முடிவாவாத பைப்பு, திரையில முடிஞ்ச பைப்பு மாதிரி மின்னுது. "இது இன்னும் தெரியல"ன்னு எழுத உங்க சாஃப்ட்வேர்ல ஒரு கட்டம் இருக்குதா? இருக்குதா? அத எவனாவது ரொப்பியிருக்கானா?

நாலாவது டைமென்ஷன் நாளு, அஞ்சாவது துட்டுன்னு சொன்ன. நாக்பூர் மெட்ரோவுல அஞ்சு டைமென்ஷன் வெச்சி வேலை பாத்தாங்கன்னு பெருமையா சொன்ன. நல்லது. எந்தத் தூணு எந்தத் தேதிக்கு எழும்புது, அதுக்கு எத்தினி செலவுன்னு மாடலே சொல்லுமாம். நாங்க பாத்த வேலையில அஞ்சாவதுதான் மொதல்ல வரும். அது வராத அன்னிக்கு மிச்ச நாலும் வராது.

மட்டத்துக்கு வா. நாங்க வேலை ஆரம்பிக்கிற அன்னிக்கு, ஒடையாத ஒரு கல்லுல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வெப்போம். அதுலேருந்து டியூப்ல தண்ணி ரொப்பி, மூலைக்கு மூலை மட்டம் கொண்டு போவோம். வேலை முடியிற வரைக்கும் அந்தக் கல்லுல எவனும் குந்தக்கூடாது. உங்க வேலையிலயும் அதே கல்லு இருக்குது. நீ அழுதுக்கினு வந்தியே போன மாசம், ஆர்க்கிடெக்ட்டு மாடலையும் பிளம்பிங் மாடலையும் சேத்தா ஆஸ்பத்திரி ஒரு பக்கம், பைப்பெல்லாம் அரை கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்துல தனியாப் படுத்துக்கினு இருக்குதுன்னு. ஒருத்தன் நெஜ வடக்கை வெச்சான், இன்னொருத்தன் கட்டடத்தை நேரா நிறுத்திட்டு அதுவே வடக்குன்னான். அப்பத்தான் இன்னொண்ணும் சொன்ன: ரெவிட்டுல மூலப் புள்ளியிலேருந்து 16 கிலோமீட்டருக்கு மேல தள்ளி வரைஞ்சா கணக்கு தடுமாறும்னு. எனக்கு உடனே புரிஞ்சிடுச்சி. மாமல்லபுரத்துல புள்ளி வெச்சா சுமாரா நம்ம திருக்கழுக்குன்றம் மலையடிவாரம் வரைக்கும்தான் அதுக்குக் கண்ணு தெரியும். செங்கல்பட்டு போனா மயக்கம் வந்துடும். எனக்கும் இப்ப அந்த வயசுதான்.

ஆனா கண்ணு, அந்த மாடல்ல வேலி வரைக்கும்தான் வரையறீங்க. வேலிக்கு அந்தாண்ட வெள்ளையா இருக்குது. அங்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா? வண்டலூருக்கு இந்தாண்ட கிளாம்பாக்கத்துல பஸ் நிலையம், 88 ஏக்கர், 2023 டிசம்பர் 30 தெறந்தாங்க. உள்ள போய்ப் பாத்தேன், அழகா இருக்குது, தரை வழுக்குது. தண்டவாளம் எதிர்லயே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுது. ஆனா தெறந்த அன்னிக்கு அங்க ரயில் நிக்க ஸ்டேஷன் இல்ல. மூட்டையும் கையுமா ஜனங்க, ரயிலைப் பாத்துக்கினே பஸ்ஸைத் தேடிக்கினு நின்னாங்க. பஸ் நிலையம் ஒருத்தர் படம், ஸ்டேஷன் வேற ஒருத்தர் படம். ரெண்டையும் ஒரே திரையில ஏத்தினா நடுவுல இருக்கிற ரோடு செவப்பாயிருக்குமா? ஆவாது. ரெண்டும் ஒண்ணுல ஒண்ணு இடிக்கவே இல்லையே! இடிச்சாத்தான் உன் சாஃப்ட்வேர் கத்தும். ஒண்ணு வராமலே போனா அதுக்குத் தெரியாது.

கடலோரம் வேலை வந்தா இன்னும் ஜாக்கிரதை. தொல்லியல் துறை பாதுகாக்கிற கோயிலுக்குப் பக்கத்துல சட்டத்துப்படி 100 மீட்டருக்குள்ள கட்டவே கூடாது, அதுக்கு மேல 200 மீட்டர் அனுமதி வாங்கிக் கட்டணும்னு 2010லேருந்து. அலை ஏறுற கோட்டுலேருந்து 500 மீட்டருக்குக் கடலோர ஒழுங்குமுறைன்னு வேற ஒண்ணு, அது 1991லேருந்து. இந்தக் கோடுங்களை மாடல்ல சொவரு மாதிரி எழுப்பி வெச்சிடு. உங்க ரிசார்ட் ஓனரு போய் முட்டிக்கட்டும்.

மண்ணுக்கு அடியில இருக்கிறதையும் கொஞ்சம் யோசி. 2004 டிசம்பர் 26, சுனாமி. நான் அன்னிக்குச் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு காம்பவுண்டு வேலையில இருந்தேன், அத விடு. கல்பாக்கத்துல புது அணு உலைக்குத் தோண்டி வெச்சிருந்த அஸ்திவாரப் பள்ளத்துக்குள்ளயே கடலு வந்து எறங்கிடுச்சி. இந்தப் பக்கம் சாளுவன்குப்பத்துல அதே அலை மணலை வாரிக்கினு போனதுல கல்வெட்டு வெளிய தெரிஞ்சிது. தொல்லியல்காரங்க தோண்டினா முருகன் கோயிலு. மேல பல்லவன் கருங்கல்லு, அதுக்கு அடியில அவனுக்கும் முந்தின காலத்துச் செங்கல் கட்டடம். ஒரு மணல்மேட்டுக்குள்ள ரெண்டு காலத்து மாடலு ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வெச்ச மாதிரி. நாம எல்லாரும் அது மேல ஆடு ஓட்டிக்கினு திரிஞ்சோம்.

நேர்ல போய்ப் பாக்குறதுக்கு ஒரு கதை சொல்றேன். செங்கல்பட்டுக்குக் கலெக்டரா பிளேஸ் துரைன்னு ஒருத்தர் இருந்தாரு, 18ஆம் நூத்தாண்டு கடைசியில. மதுராந்தகத்து ஏரிக்கரை அடிக்கடி ஒடையும். அவரும் கரைய ஒசத்திப் பாத்தாரு, கல்லு போட்டுப் பாத்தாரு. ஒரு மழை ராத்திரி, கரை இன்னிக்குப் போயிடும்னு பதறிக்கினு போனா, வில்லும் கையுமா ரெண்டு பேரு கரை மேல காவல் நிக்கிறாங்க. ராமரும் லட்சுமணரும். அதனால ஏரி காத்த ராமர்னு பேரு வந்துதுன்னு கதை. சாமி மேட்டர் எனக்கு வேணாம். அந்தக் கதையில எனக்குப் புடிச்சது வேற. மழையில, ராத்திரியில, கொடைய புடிச்சிக்கினு கலெக்டரே கரைக்குப் போனாரு பாரு. ஏசி ரூம்ல குந்திக்கினு பச்சையாயிடுச்சான்னு கேக்கல. நீ ஒரு தடவையாவது அந்தத் துபாய்க்குப் போயி உன் ஆஸ்பத்திரிய நேர்ல பாத்தியா? வீசா தர மாட்டாங்களா? சரி, சிறுசேரியில உங்க ஆபீஸ் கக்கூஸ் பைப்பு எங்க போவுதுன்னாவது பாத்தியா?

இன்னா மொறைக்கிற? என் வீட்டுப் பைப்பு எங்க போவுதுன்னா கேக்குற?

சரி. பள்ளம் எதுக்குன்னு கேட்டியே. கேக்கலையா? கேட்டதா வெச்சிக்க. கக்கூஸ்ல தண்ணி எறங்க மாட்டேங்குது ஒரு வாரமா. அந்த லைனை நான்தான் போட்டேன், நாப்பது வருஷத்துக்கு முன்ன, உங்கப்பன் காதுகுத்துக்கு அவசரமா. படம் போடல. மனசுல இருக்குதுன்னு விட்டேன். இப்ப மனசுல தேடினா மூணு எடம் வருது. மூணுலயும் தோண்டிட்டேன், மொத பள்ளத்துல பழைய செங்கல்லு, ரெண்டாவதுல உங்க பெரியப்பன் தொலைச்ச பம்பரம், மூணாவதுல தண்ணிப் பைப்பு, அதையும் ஒடைச்சிட்டேன். அதான் உன்னை வரச் சொன்னேன். எல்லாத்தையும் எல்ஓடி 500ல எழுதிடலாம் வா. உங்க ஆயாவுக்குத் தெரிய வேணாம்.

இதோ வந்துட்டா. காபி டம்ளரோட. எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்திருக்கா.

இன்னா சொல்றா பாரு: "இந்தத் தோட்டத்துல எந்தச் செடிக்கும் நான் தண்ணி ஊத்தறதில்ல. எல்லாம் காஞ்சி கெடக்குது. அந்தக் கருவேப்பிலை ஒண்டி மட்டும் ஏன் மரம் மாதிரி மதிலைத் தாண்டி நிக்குதுன்னு நாப்பது வருஷத்துல என்னிக்காவது நிமுந்து பாத்தியா?"

கடப்பாறைய எடு கண்ணு. இன்னா கேக்குற உங்க ஆயாகிட்ட? கருவேப்பிலைய உன் மாடல்ல எந்த ஒர்க்செட்ல போடணும்னா?